ஒற்றைப்படைக்கு வரைபடம்

ஓய்வு பெற்ற கல்வி அதிகாரிக்கு இந்த ஊரில் இரண்டு வேலைகள்தான் கிடைக்கும். குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் தண்ணீர் லாரிக்காரரோடு சண்டை போடலாம். அல்லது ஏதாவது ஒரு தனியார் பள்ளியின் குழுவில் ‘வெளி உறுப்பினர்’ என்ற பெயரில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வரலாம். மந்தைவெளியில் எங்கள் குடியிருப்புக்கு லாரி ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் நான் இரண்டாவதை ஒப்புக்கொண்டேன்.

பள்ளி ராயப்பேட்டையில் இருக்கிறது. தாளாளருக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை. தெற்கேயிருந்து வந்த குடும்பம். பேச்சில் ஊர் இன்னும் போகவில்லை. மோசமான மனிதர் என்று சொல்லமாட்டேன். கடையை நடத்துவது போலவே பள்ளியையும் நடத்தினார், அவ்வளவுதான். வாசலில் என்ன தொங்குகிறது என்பதில் அவருக்குக் கவனம் அதிகம். அந்த ஆண்டு அவர் தொங்கவிட ஆசைப்பட்டது, தொழில்நுட்ப வழிக் கற்றலில் இந்தப் பள்ளி தகுதி பெற்றது என்று சொல்லும் ஒரு பலகை. அதைத் தருவதற்கு ஒரு மதிப்பீட்டுக் குழு நேரில் வந்து வகுப்பைப் பார்க்கும். எந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும் என்பதை விளக்கும் ஆவணத்தை எனக்கு அனுப்பி, படித்துச் சுருக்கமாகச் சொல்லும்படி கேட்டிருந்தார்.

படித்தேன். என் பணிக்காலத்தில் பள்ளிகளுக்கு வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டிய கணினி அறை வந்தது. ஒவ்வொன்றோடும் வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. எல்லாமே அந்த இயந்திரத்தை எப்படிப் பூட்டி வைப்பது, யார் சாவி வைத்திருப்பது என்பதைப் பற்றியவை. இந்த ஆவணம் வேறு மாதிரி இருந்தது. மாணவர் தானே தகவலைத் தேடவேண்டும், கிடைத்ததை நம்பலாமா என்று எடைபோட வேண்டும், தனக்கு எது தோதோ அந்தக் கருவியைத் தானே தேர்ந்தெடுத்து ஏதாவது ஒன்றை உருவாக்க வேண்டும் என்றது. குழந்தை என்ன செய்யவேண்டும் என்று பேசிய முதல் சுற்றறிக்கையை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் பார்க்கிறேன். பிரச்சினை வரப்போகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

குழுவின் முன்னால் வகுப்பெடுக்க ஏழாம் வகுப்பு ஆசிரியை ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். முப்பது வயதிருக்கும். தலைமுறைகளாக ராயப்பேட்டையிலேயே இருக்கும் முஸ்லிம் குடும்பம். வீட்டில் உருது, வகுப்பில் தமிழும் ஆங்கிலமும். சத்தமாகப் பேசமாட்டார். இதற்கு முன் வேலை பார்த்த பள்ளியில், தகுதிகாண் காலம் முடியும் சமயத்தில், ‘வகுப்புக் கட்டுப்பாடு போதவில்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இங்கேயும் அவருடைய தகுதிகாண் காலம் அதே வாரம் முடிய இருந்தது. இரண்டாவது பள்ளியும் வேண்டாம் என்றால், மூன்றாவது பள்ளி கதவைத் திறக்காது. இந்த ஊர்த் தலைமையாசிரியைகள் ஒருவரை ஒருவர் கைபேசியில் விசாரித்துக்கொள்வார்கள். தாளாளர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்: வகுப்பு நன்றாகப் போனால் பணி நிரந்தரம், இல்லையென்றால் இல்லை.

ஆசிரியை எழுதியிருந்த பாடத்திட்டத்தை என்னிடம் காட்டியிருந்தார். பாடம், மழைநீர். போன மழையில் நம் தெருத் தண்ணீர் எங்கே போனது என்று மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளியின் பாடத்திட்டப் படிவத்தில் ‘மாணவரிடம் எதிர்பார்க்கப்படும் விடை’ என்று ஒரு பத்தி உண்டு. அதில், ‘தேடிய பிறகே தெரியும்’ என்று எழுதியிருந்தார். கருவி என்ற இடத்தில், ‘அவரவர் விருப்பம்’. தலைமையாசிரியை இரண்டையும் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்.

தலைமையாசிரியையை நான் குறை சொல்லமாட்டேன். வாழ்நாள் முழுக்க ஆய்வுக்கு உட்பட்டவர். நான் வாழ்நாள் முழுக்க ஆய்வு செய்தவள். காலியாக விட்ட பத்திக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பும் மனிதர்களிடம் அவர் பாடம் கற்றிருந்தார். எனவே தனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆயத்தம் செய்தார். குழு வருவதற்கு முந்தின நாள் ஆசிரியையை அடையாற்றில் ஏதோ பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, ஏழாம் வகுப்பு ‘ஏ’ பிரிவுக்குத் தானே ஒத்திகை நடத்தினார்.

ஆய்வு நாள் ஒத்திகை என்பது நம் பள்ளிகளின் பழைய வழக்கம். பதில் தெரிந்தவர்கள் வலது கையையும் தெரியாதவர்கள் இடது கையையும் தூக்கவேண்டும் என்று பழக்கியிருப்பார்கள். வந்தவருக்கு மொத்த வகுப்பும் கை தூக்கியிருப்பதாகத் தெரியும். ஆய்வாளராகப் போன இடங்களில் நான் கையைப் பார்ப்பதில்லை, நேரத்தைப் பார்ப்பேன். ஒத்திகை பார்த்த வகுப்பில் கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிடும். அறிக்கையில் எழுதுவேன். அறிக்கை கோப்புக்குப் போகும். கோப்பு எங்கே போகும் என்பது கோப்புக்கே தெரியாது.

அன்று காலை நான் போனபோது ஆசிரியை மாடிப்படி அருகே நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. பிள்ளைகளிடம் பாடத்தைப் பற்றிப் பேச்செடுத்ததுமே, நேற்றே முடித்துவிட்டோம் மிஸ் என்று சொல்லிவிட்டார்களாம். பாதிப் பேர் வரைபடமும் மீதிப் பேர் காணொளியும் செய்து, திருத்தி, டேப்லெட்டில் சேமித்தும் வைத்துவிட்டார்கள். இன்று அதைத் திறந்து, இப்போதுதான் செய்வது போல் காட்டவேண்டும். தலைப்பை மாற்றிவிடுங்கள் என்றேன். திருத்திய பாடத்திட்டத்தில் கையெழுத்தாகிவிட்டது, ஒரு வார்த்தை மாறக் கூடாது என்று தலைமையாசிரியை உத்தரவு போட்டிருப்பதாகச் சொன்னார். அதற்குள் குழுவின் கார் வாசலுக்கு வந்துவிட்டது.

குழுத் தலைவி கைத்தறிப் புடவை கட்டிய ஐம்பது வயதுப் பெண்மணி. கூட ஒருவர் படமெடுக்க. நான் அவர்களோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தாளாளர் பட்டு வேட்டியில் வந்து வாசல்படி ஓரமாக நாற்காலி போட்டுக்கொண்டார். வகுப்பு எண்ணெய் போட்ட தையல் மிஷின் மாதிரி ஓடியது. எல்லோருடைய டேப்பிலும் சார்ஜ் இருந்தது. எல்லோரும் தேடினார்கள், எல்லோருக்கும் கிடைத்தது. ஆசிரியை மட்டும்தான் யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பவர் போல் பேசிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை ஜன்னலுக்கு வெளியே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

குழுத் தலைவி எழுந்து மெதுவாக வரிசைகளுக்கு நடுவே நடந்தார். ஒரு சிறுமியின் பக்கத்தில் நின்றார். டேப்பில் அழகான வரைபடம். தெருக்கள், கால்வாய், அம்புக்குறிகள்.

“ரொம்ப நல்லா இருக்கே. வீடியோ பண்ணாம மேப் பண்ணலாம்னு உனக்கு ஏன் தோணுச்சு?”

அந்தக் கேள்வி ஒத்திகையில் இல்லை. சிறுமி ஒரு நிமிடம் யோசித்தாள். பொய் சொல்லும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. எங்கே தவறு என்றே தெரியாத நிம்மதியோடு சொன்னாள்:

“எனக்கு மேப்புதான் மேடம் வரும். ஒத்தைப்படை நம்பருக்கெல்லாம் மேப்பு, ரெட்டைப்படைக்கு வீடியோ.”

ஆவணம் விருப்பத் தேர்வு வேண்டும் என்றது. தலைமையாசிரியை விருப்பத்தை வருகைப் பதிவு எண்படி பிரித்துக் கொடுத்திருந்தார். யாருக்கும் குறைவில்லாத நியாயமான பங்கீடு. உலகத்தில் வேறெந்த ஊரிலும் யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

குழுத் தலைவி சிரிக்கவில்லை. நன்றி கண்ணா என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பி வந்து எழுத ஆரம்பித்தார். நிறைய எழுதினார். ஆசிரியை கரும்பலகை ஓரத்தில் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இடைவேளையில் தலைமையாசிரியையின் அறையில் கூடினோம். குழுவுக்கு மேல்மாடியில் டிபன் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். தாளாளர் தன் அப்பாவின் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

“அந்தப் புள்ள என்ன சொல்லிட்டு?” என்று கேட்டார். விளக்கினேன். நெற்றியைத் தடவிக்கொண்டார்.

தலைமையாசிரியை அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பாடத்திட்டமும் ஆசிரியையுடையது, வகுப்பும் ஆசிரியையுடையது. எனவே நிறைவுக் கூட்டத்தில் ஆசிரியை எழுந்து, பதற்றத்தில் நானாகவே ஒத்திகை வைத்துவிட்டேன், பள்ளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டால், குழு அதைத் தனிநபர் தவறாக எடுத்துக்கொள்ளும். பள்ளியின் பெயர் தப்பிக்கும். இதைக் குரலை உயர்த்தாமல், மதிய உணவுக்கு என்ன சமைப்பது என்று சொல்வது போலச் சொன்னார்.

“நான் நேத்து ஸ்கூல்லயே இல்லையே மேடம்” என்றார் ஆசிரியை.

“நீங்க விட்டுட்டுப் போனதைத்தானே நான் முடிச்சேன்? பத்தியைக் காலியா விட்டது யாரு?”

தாளாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு யார் செய்தது என்பது முக்கியமில்லை, யாராவது ஒருவர் செய்திருந்தால் போதும். அவர் வாயைத் திறந்து, அப்படியே சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. திறப்பதற்கு முன் நான் பேசவேண்டியிருந்தது.

பின்னிணைப்புகளைப் படிப்பது என் வியாதி. எந்த ஆவணத்திலும் உயிருள்ள பகுதி அதுதான், மற்றதெல்லாம் முன்னுரை. இந்த ஆவணத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. பள்ளி கேட்டுக்கொண்டால், நிறைவுக் கூட்டத்துக்கு முன் குழு இன்னொரு வகுப்பைப் பார்க்கலாம். ஆசிரியரைப் பள்ளி முடிவு செய்யலாம். பிரிவைக் குழு முடிவு செய்யும். இதைச் சொன்னேன்.

தலைமையாசிரியை என்னை, வீட்டுக்குள் வந்த பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். “ஒத்திகையே இல்லாம எப்படி மேடம்? ‘பி’ செக்ஷனைக் கேட்டுட்டா?”

“‘பி’யைத்தான் கேப்பாங்க.”

‘பி’ பிரிவுக்கு ஆசிரியர் அறையில் சந்தை என்று பெயர். தாளாளர் ஆசிரியையிடம் திரும்பினார். இதிலும் சொதப்பினால் நான் ஒன்றும் செய்ய முடியாது, தெரியுமில்லையா என்றார். தெரியும் என்பது போல ஆசிரியை தலையசைத்தார். அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. செய்யாததை ஒப்புக்கொண்டு நல்ல சான்றிதழோடு கௌரவமாக வெளியே போகலாம் என்று தலைமையாசிரியை ஏற்கெனவே கோடிகாட்டியிருந்தார். அல்லது சந்தைக்குள் போகலாம்.

“எடுக்கறேன் சார்” என்றார். “ஆனா என்னோட பிளான்ல எடுக்கறேன். நடுவுல யாரும் வரக் கூடாது.”

அவர் நிபந்தனை போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மதிய உணவுக்குப் பின் ‘பி’ பிரிவு. காலையில் உட்கார்ந்தது போலவே குழுவும் நானும் கடைசி வரிசையில், தாளாளர் வாசல்படி ஓரத்தில். எதிர்பார்த்தது போலவே தொடக்கமே தடுமாற்றம். சார்ஜ் ஏற்றிய டேப்பெல்லாம் காலையில் ‘ஏ’ பிரிவுக்குப் போய் வடிந்துவிட்டன. உயிரோடிருந்தவை சில. ஒரு டேப்பைச் சுற்றி ஆறேழு தலைகள். ஆசிரியை கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதினார்: போன மழையில் நம்ம தெருத் தண்ணி எங்கே போச்சு? எழுதிவிட்டு, எப்படி வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம், எதில் வேண்டுமானாலும் செய்து காட்டலாம் என்றார்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. சந்தை இப்படி அமைதியாகி யாரும் பார்த்ததில்லை.

“மிஸ், நோட்டுலயா, ரஃப்லயா?” என்று ஒரு பையன் கேட்டான்.

“நீங்களே பாருங்க.”

“மார்ஜின் போடணுமா மிஸ்?”

“உங்க இஷ்டம்.”

பிள்ளைகள் அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்தார்கள். குழுத் தலைவியின் பேனா தயாராக நின்றது. ஜன்னலுக்கு வெளியே தலைமையாசிரியை வந்து நின்று, பாடப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லி முன்வரிசைக்குக் கையால் சைகை காட்ட ஆரம்பித்தார். பிள்ளைகளின் கண்கள் ஒவ்வொன்றாக ஜன்னல் பக்கம் போயின. ஆசிரியை நடந்து போய் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அதை மறைத்தபடி நின்றார். பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் நடு வரிசையில் ஒரு பெண் வாயைத் திறந்தாள். தங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது, மந்தைவெளி ஸ்டேஷன் எதிரில் இடுப்பளவுத் தண்ணீர், அதைக் காட்டலாமா என்று கேட்டாள். பக்கத்திலிருந்தவள் விடவில்லை.

“அது டூப்பு மிஸ்.”

“இன்னாடி டூப்பு? எங்க மாமா அனுப்பிச்சாரு.”

“ஒங்க மாமா இன்னா, வானிலை ஆபீசரா?”

வகுப்பு சிரித்தது. கட்டுப்பாடு போய்விட்டது என்று எந்தத் தலைமையாசிரியையும் அந்த இடத்தில் எழுதிவிடுவார். ஆசிரியை அதட்டவில்லை. உண்மையா டூப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று மட்டும் கேட்டார். இரண்டு பேரும் டேப்பில் அந்த வீடியோவைத் தேடிப் பிடித்தார்கள். மற்றவர்கள் பெஞ்சு மேல் ஏறிக் குனிந்தார்கள். ஒருத்தி படத்தை விரலால் பெரிதாக்கினாள்.

“ஷட்டர்ல இன்னா எழுதிக்கீது பாரு. தமிழே இல்ல.”

“ஸ்டேஷன் எதிர்ல நகைக்கடை எங்க கீது? டீக்கடைதான் கீது.”

குழுத் தலைவி எழுந்து வந்துவிட்டார். டீக்கடை என்று சொன்னவளிடம், உனக்கு எப்படி இவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று கேட்டார்.

“தெனம் அங்கதான் மேடம் பஸ் ஏறுறேன்” என்றாள் அவள், இதுகூடத் தெரியாதா என்ற தொனியில்.

மாமாவின் மருமகள் முறைத்துக்கொண்டு, அப்படியானால் அது எந்த ஊர் என்று கண்டுபிடித்துக் காட்டு என்று சவால் விட்டாள். இன்னொரு குழு, தங்கள் தெருவில் தண்ணீர் நின்ற இடங்களைக் காகிதத்தில் வரைய ஆரம்பித்தது. ஒருவன், எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன்தான் மோட்டார் போட்டு இறைத்தார், அவரிடம் கேட்டுப் பதிவு செய்துகொண்டு வரட்டுமா என்றான். சத்தம் மாடிப்படி வரை கேட்டிருக்கும். மணி அடித்தபோது யாரும் எதையும் முடித்திருக்கவில்லை.

குழுத் தலைவி வகுப்பிலேயே ஆசிரியையிடம் கேட்டார்: “இந்த வகுப்போட நோக்கம் நிறைவேறிச்சா?”

தாளாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். ஆம் என்று சொல்லவேண்டிய இடம். நாற்பது ஆண்டுகளில் நான் கேட்ட ஒவ்வொரு ஆசிரியரும் ஆம் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

“இல்லை மேடம்” என்றார் ஆசிரியை. “பாதிகூட வரல. கடைசி பெஞ்சு குரூப் கேம் ஆடிட்டிருந்தாங்க. பார்த்தேன், ஆனா இவங்க சண்டையை விட்டுட்டுப் போக முடியல. சுவரோரம் இருக்கறவங்க முதல்ல வந்ததை அப்படியே காப்பி பண்ணிட்டாங்க. அது பாம்பே மழை. ரெண்டு குரூப்பையும் எப்படிக் கவனிக்கறதுன்னு இனிமேதான் யோசிக்கணும்.”

வெளியே தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார். குழுத் தலைவியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நிறைவுக் கூட்டத்துக்கு ஆசிரியையைக் கூப்பிடவில்லை. வெளியே பெஞ்சில் காத்திருக்கச் சொன்னார்கள். குழுத் தலைவி சுருக்கமாகப் பேசினார். காலை வகுப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. பள்ளி தொடக்க நிலையில் இருக்கிறது, பலகை இந்த ஆண்டு இல்லை. அடுத்த ஆண்டு மறுபடி வந்து பார்ப்பார்கள். மாணவர் தாமே தகவலை எடைபோட்டதற்கு இந்தப் பள்ளியில் தாங்கள் கண்ட ஒரே சான்று மதிய வகுப்பு. கடைசி வாக்கியத்தை வருகைக் குறிப்பில் இப்போதே எழுதிக் கையெழுத்திட முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதினார். அவரும் பின்னிணைப்பு படிப்பவர் போலிருந்தது.

கார் போனதும் தாளாளர் சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டார்.

“போர்டு போச்சு” என்றார். “இதுக்கு யாரை வீட்டுக்கு அனுப்ப?”

தலைமையாசிரியை உடனே ஆரம்பித்தார். வகுப்பில் கட்டுப்பாடே இல்லை, எல்லோருக்கும் முன்னால் நோக்கம் நிறைவேறவில்லை என்று தானே சொல்லிவிட்டார், போன பள்ளியிலும் இதைத்தானே சொன்னார்கள், தகுதிகாண் காலத்தை நீட்டுவதுகூடக் கருணைதான் என்றார். தாளாளர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அடுத்த வருஷம் அவங்க வந்து முதல்ல கேக்கப்போறது இந்த டீச்சரைத்தான்” என்றேன். “இல்லைன்னா, ஏன் இல்லைன்னு நீங்க காரணம் எழுதித் தரணும். அதுவும் பின்னிணைப்புலதான் இருக்கு.”

அவர் எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் இருந்திருக்கும்.

“அப்ப நம்ம கடையில இருக்கிற நல்ல சரக்கு இது ஒண்ணுதான்னு சொல்லுதீங்க.”

“நான் சொல்லலை. வாங்க வந்தவங்க எழுதிக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க.”

வியாபாரிக்கு வியாபாரம் புரியும். எழுத்தரைக் கூப்பிட்டு, அந்த டீச்சருக்கு நிரந்தர ஆணை அடிக்கச் சொன்னார். அடுத்த வாரம் அடித்துக்கொள்ளலாமே என்றார் தலைமையாசிரியை. அடுத்த வாரம் என்ற சொல்லில் எத்தனை வேலைகள் காணாமல் போயிருக்கின்றன என்று எனக்குத் தெரியும். எழுத்தர் அடித்து முடிக்கும் வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை. தாளாளர் கையெழுத்துப் போட்டார்.

ஆசிரியையை உள்ளே கூப்பிட்டார்கள். எதற்கென்று தெரியாமல், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். தலைமையாசிரியை தாளை மேசை மேல் தள்ளி, பெற்றுக்கொண்டதற்குக் கீழே கையெழுத்துப் போடச் சொல்லி விரலால் இடத்தைக் காட்டினார். ஆசிரியை தலைப்பைப் பார்த்தார். அழுதுவிடுவாரோ என்று நினைத்தேன். அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

“படிக்க என்ன இருக்கு? எல்லாருக்கும் குடுக்கறதுதான்” என்றார் தலைமையாசிரியை.

ஆசிரியை நிமிரவில்லை. முதல் பக்கத்தை முடித்துவிட்டு, நிபந்தனைகள் இருந்த மறுபக்கத்தைத் திருப்பினார். அதையும் முதலிலிருந்து படித்தார். நாங்கள் மூவரும் காத்திருந்தோம்.